என் வாசலுக்கு ஒருத்தரும் வரவேண்டாம்

என் தங்கச்சியின் புருஷனுக்குச் சவுதியில் ஏசி திருத்துகிற வேலை. யேமன் எல்லைக்குக் கிட்ட ஒரு பட்டினம். மலைக்கு அந்தப் பக்கம் யேமன்காரர் தங்களுக்குள் அடிபடுகிறார்கள். அந்தச் சண்டைக்குள் சவுதியும் போய்த் தலையைக் கொடுத்ததால், மலைக்கு அங்கால இருந்து ட்ரோனும் ஏவுகணையும் இந்தப் பட்டினத்துக்கு வரும். விமான நிலையத்துக்கு வரும், எண்ணெய்த் தாங்கிகளுக்கு வரும், சிலவேளை எதற்கு வந்தது என்றே தெரியாமல் வரும். நான் சுவிஸில், பாசல் நகரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் நின்று நோயாளிகளின் தட்டில் சலாட் வைக்கிறவள். அந்த மலைக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கோதாரிச் சம்பந்தமும் இல்லை. ஆனால் தங்கச்சி கலியாணம் கட்டிய நாளிலிருந்து, காலையில் கண் முழித்ததும் நான் முதலில் பார்த்தது அந்த ஊர்ச் செய்தியைத்தான்.

தங்கச்சி இருப்பது கூர் என்கிற ஊரில். பாசலில் ரயிலேறி, சூரிச் தாண்டி, ஏரி தாண்டி, மலைகள் இரண்டு பக்கமும் நெருக்கிக்கொண்டு வருகிற இடத்தில் இறங்க வேண்டும். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வயதுபோன சனங்களைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்துகிற வேலை. எனக்கும் அவளுக்கும் பதினாறு வயது வித்தியாசம். நான் இளவயதிலேயே இங்கே வந்துவிட்டேன். அவள் வன்னியில் கடைசிச் சண்டை வரைக்கும் நின்று, முகாமில் இருந்து, பிறகுதான் வந்து சேர்ந்தாள். வந்தவள் கலியாணம் என்றாலே எழும்பிப் போய்விடுவாள். நான் கத்தாத கத்தில்லை. முப்பத்தாறு வயதில் ஒருநாள் போன் எடுத்து, "அக்கா, ஒரு ஆளோட கதைச்சுக்கொண்டிருக்கிறன், நல்ல மனுசன் போல கிடக்கு" என்றாள். நான் குசினியில் நின்றபடியே அழுதேன். பெரிய சமையற்காரன் வந்து "வாஸ் இஷ் லோஸ்?" என்றான், என்ன நடந்தது என்று. வெங்காயம் என்றேன். சலாட்டுக்கு அன்று வெங்காயமே இல்லை.

யாழ்ப்பாணத்தில் கலியாணம். ஒரு மாதம் சேர்ந்து இருந்தார்கள். பிறகு அவர் சவுதிக்கு, இவள் கூருக்கு. புருஷனை இங்கே கூப்பிடுவதற்கு இந்த நாட்டில் கேட்கிற கேள்விகள் இருக்கிறதே! உன் டொச் பாஷை காணுமோ, உன் சம்பளம் காணுமோ, இரண்டு பேர் இருக்க உன் வீடு காணுமோ. அவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்று சொல்வதற்காக ஓடினாள். இரவில் டொச் வகுப்பு, சனி ஞாயிறும் வேலை, கடைசியில் ஒரு அறை கூடின வீடு. இரண்டு பேர் படுக்கிற கட்டிலும் வாங்கி, மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே வைத்திருந்தாள். "அவர் வந்துதான் கழட்ட வேணும்" என்பாள். உனக்கு விசரடி என்பேன் நான்.

தங்கச்சியின் புருஷன் நல்ல மனுசன்தான். வாயைத் திறந்தால் பகிடி. நான் ட்ரோனைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்.

"அக்கா, கிபிர் பிளேன் போட்ட குண்டுக்கே தப்பின ஆக்கள் நாங்கள். இது பழைய மோட்டச்சைக்கிள் மாதிரி ஒரு சத்தம் போட்டுக்கொண்டு வருது. பக்கத்து ரூம்காரன் பெற்றோல் அடிக்கப் போறானாக்கும் எண்டு நாங்கள் படுத்துக் கிடப்பம்."

"தம்பி, நீர் என்னோட வீரக்கதை கதையாதையும். சத்தம் கேட்டால் பங்கருக்குள்ள போம்."

"இஞ்ச பங்கர் எங்கையக்கா? கட்டில்தான் கிடக்கு."

மூன்று பேரும் ஒரே லைனில்தான் கதைப்போம். தங்கச்சி இடையில் புகுந்து, "கட்டிலுக்குக் கீழயாவது போங்கோவன்" என்பாள். அவர் அதற்கும் ஒரு பகிடி விடுவார். இப்படித்தான் நாங்கள் அந்தப் பயத்தைப் பழகினோம். பழகினோம் என்பது பொய். அவர் பழகிவிட்டார், நாங்கள் பழகிவிட்ட மாதிரி நடித்தோம்.

கடைசியில் இந்த நாடு சம்மதம் தந்தது. தங்கச்சி போனில் கத்தியதில் என் காது அடைத்துப் போனது. இனி அவர் பாஸ்போட்டைக் கொண்டுபோய் விசா குத்த வேண்டியதுதான். ஆனால் பாஸ்போட் முதலாளியின் கந்தோரில். முதலாளி இல்லையென்று சொல்லவில்லை. "உன்னுடைய இடத்துக்கு ஒரு ஆள் வரட்டும், தாறன்" என்றிருக்கிறான். நாசமாய்ப் போவான். ஒரு ஏசிக்காரனுக்குப் பதில் இன்னொரு ஏசிக்காரன் வருவதற்கு அவ்வளவு காலமா?

அந்தச் சம்பவம் நடந்த காலையில் நான் ட்ராமில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். போனில் செய்தி வந்தது: அந்தப் பட்டினத்தை நோக்கி வந்த ஏவுகணை வானத்திலேயே அடித்து வீழ்த்தப்பட்டது. என்ன வடிவாக எழுதியிருந்தார்கள்! அடித்து வீழ்த்தப்பட்டது, அவ்வளவுதான், கதை முடிந்தது. நானும் அதை நம்பி உடனே தங்கச்சிக்கு எடுத்தேன். "பயப்பிடாதையடி, மேலயே உடைச்சுப் போட்டாங்களாம்" என்றேன். "ஓமக்கா, நானும் பாத்தனான்" என்றாள். இரண்டு பேருக்கும் நிம்மதி. மேலே உடைத்த சாமான் கீழேதானே விழவேண்டும் என்பது ஒருத்திக்கும் அந்த நேரம் விளங்கவில்லை.

மத்தியானம் அவர் போன் எடுக்கவில்லை. வழமையாக அந்த நேரம் தங்கச்சிக்கு எடுத்து, என்ன சாப்பிட்டாய் என்று கேட்கிறவர். பின்னேரமும் இல்லை. மறுநாள் போன் அடிக்கவே இல்லை. கொம்பனிக்கு எடுத்தால் அரபியில் ஒரு பாட்டுப் போகும், பிறகு தானாக அறுந்துவிடும். அவரோடு அறையில் இருந்தவர்களின் இலக்கங்களும் செத்துக் கிடந்தன. எங்கே விசாரித்தாலும், சில வெளிநாட்டுத் தொழிலாளர் காயம், விபரம் இல்லை என்ற ஒரே பேச்சு.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நாங்கள் சாவுச் செய்தியைப் போனில் சொல்வதில்லை. உரியவருக்கு நேரே சொல்லவும் மாட்டோம். முதலில் வேறு யாருக்காவது சொல்வோம். அவர் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். இரண்டு பேர் வேண்டும், ஒருவர் சொல்ல, மற்றவர் பிடிக்க. வந்து இருந்து, தண்ணீர் கேட்டு, சுகம் கேட்டு, பிறகுதான் சொல்வார்கள். எங்கள் அண்ணை ஷெல் பட்டுச் செத்தபோது, பாசலில் என் வாசலுக்கு அப்படித்தான் இரண்டு பேர் வந்தார்கள். கையில் ஒரு பை அப்பிள். சும்மா இந்தப் பக்கம் வந்தோம் என்றார்கள். அவர்கள் சப்பாத்தைக் கழற்றிய விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இந்த நாட்டில் சண்டைக்காலம் முழுக்க, முன்னறிவிப்பில்லாமல் இரண்டு பேர் வாசலில் நின்றால் எங்கள் நெஞ்சு நின்றுபோகும். வெள்ளைக்காரர் போன் மணிக்குப் பயப்படுவார்களாம். நாங்கள் கதவு மணிக்குப் பயப்படுகிற சாதி.

தங்கச்சி மறுநாளே எனக்குச் சொல்லிவிட்டாள்.

"அக்கா, என்ர வாசலுக்கு ஒருத்தரும் வரவேண்டாம். நீயும் வராதை."

"நான் வந்து உன்னோட நிக்கிறனடி. சமைச்சுத் தாறன். தனிய எப்பிடி இருப்பாய்?"

"நீ வந்தால் அவர் இல்லையெண்டு அர்த்தம். வராதையக்கா. உனக்குக் கையெடுத்துக் கும்பிடுறன்."

இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? கூடப் பிறந்தவள் அங்கே தனியாகக் கிடந்து துடிக்கிறாள், நான் போகக்கூடாது. போகாமல் இருந்தால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். நான் பாசலில் இருந்துகொண்டு போனில் அவளோடு குடித்தனம் நடத்தினேன். போனைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு நான் சமைப்பேன், அவள் அங்கே சும்மா இருப்பாள். ஒன்றும் கதைக்க மாட்டோம். அவள் மூச்சு விடுகிறது கேட்டால் போதும். "சாப்பிட்டியா?" என்றால் "ஓம்" என்பாள். பொய் என்று எனக்குத் தெரியும். வேலைக்கு மட்டும் ஒழுங்காகப் போனாள். "வேலையில நிக்கேக்க வீட்டு வாசலுக்கு வாற ஆக்கள் என்னைக் காணமாட்டினம்தானே" என்றாள்.

கூரிலேயே எங்கள் ஆட்களில் ஒரு அக்கா இருக்கிறார், ஹோட்டலில் அறை துப்பரவாக்குகிற வேலை. தங்கமான மனுசி. கேள்விப்பட்டதும் புட்டும் சம்பலும் செய்து, தன் மகளையும் கூட்டிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறார். கதவுக் கண்ணாடியால் பார்த்த தங்கச்சிக்கு வாசலில் இரண்டு பேர் நிற்பது தெரிந்திருக்கிறது. அவ்வளவுதான். உள்ளே நின்று, "போங்கோ! போங்கோ! நான் திறக்கமாட்டன்! ஒண்டும் சொல்லாதேங்கோ!" என்று கத்தத் தொடங்கிவிட்டாள். மற்ற வீட்டுச் சனமெல்லாம் கதவைத் திறந்து பார்த்திருக்கிறது. பாவம் அந்த மனுசி, புட்டைக் கால்மிதியில் வைத்துவிட்டு, படியில் இறங்கியபடியே எனக்குப் போன் எடுத்து அழுதார். "பிள்ளை பட்டினி கிடக்குமெண்டுதானே கொண்டு போனனான்" என்றார். நானோ ஆறுதல் சொல்லாமல், "உங்களை ஆர் சோடியாப் போகச் சொன்னது? தனியப் போயிருந்தால் திறந்திருப்பாள்தானே" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு அந்த நாட்களில் யாரைக் கண்டாலும் எரிந்தது. ட்ராமில் சிரித்துக் கதைக்கிறவர்களைக் கண்டால் எரிந்தது. கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு முன்னால் நின்று, "உனக்கு எங்கட வீட்டை விட்டால் வேற வீடு கிடைக்கேல்லையோ?" என்று கேட்டுவிட்டுத் தேங்காயை உடைக்காமலே திரும்பி வந்தேன். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறகு ஒரு காலையில், தெரியாத இலக்கம் ஒன்று என் போனில் அடித்தது. அவரோடு ஒரே அறையில் இருந்த மட்டக்களப்புக்காரர். தங்கச்சியின் இலக்கமும் அவரிடம் இருந்தது. இருந்தும் எனக்குத்தான் எடுத்தார்.

"அக்கா, பக்கத்தில ஆரும் நிக்கிறாங்களா?"

அந்தக் கேள்வியோடேயே நான் எங்கள் வீட்டுக் குசினித் தரையில் இருந்துவிட்டேன். என் மனுசன் ஓடிவந்து போனை வாங்கிக் காதில் வைத்தார். உடைத்த ஏவுகணையின் துண்டு ஒன்று அவர்கள் தங்கியிருந்த கட்டடத்தின் மேல் விழுந்திருக்கிறது. தங்கச்சியின் புருஷன் காலையில் கழுவிய உடுப்பைக் காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்தாராம். பொலிஸ் கட்டடத்தைப் பூட்டி, எல்லோரையும் வேறெங்கோ கொண்டுபோய் வைத்ததாம். போன்களையும் வாங்கிவிட்டார்களாம். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்து ஆளை அடையாளம் சொன்னது இந்த மட்டக்களப்புக்காரர்தான். கீழே இருந்த ஒருத்தருக்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. உடுப்புக் காயப்போடப் போனவருக்குத்தான்.

என் மனுசனும் நானும் ரயிலேறினோம். அவள் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டே போனேன். ஒன்றும் சரிவரவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடி இருந்தார். எதிரே மலையேறப் போகிற இரண்டு பேர், பெரிய சப்பாத்தும் தடியுமாக, சீஸ் வெட்டித் தின்றுகொண்டிருந்தார்கள். எங்களுக்கும் ஒரு துண்டு நீட்டினார்கள். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

அப்போது தங்கச்சி போன் எடுத்தாள். வேலை இடைவேளை. எடுக்காமல் விட்டால் அதுவே செய்தியாகிவிடும். எடுத்தேன்.

"அக்கா, எங்க நிக்கிறாய்?"

"வேலையிலயடி" என்றேன்.

"ஏதும் தெரிஞ்சுதே?"

"இல்லையம்மா, இன்னும்..."

அந்த நேரம் பார்த்து ரயிலின் ஒலிபெருக்கி, அந்தக் கண்டறியாத சுத்தமான குரலில், அடுத்த நிறுத்தம் லண்ட்குவார்ட் என்று சொன்னது. லண்ட்குவார்ட்டுக்கு அடுத்தது கூர். பாசல்காரிக்கு அந்த வழியால் வேறு ஒரு அலுவலும் இல்லை.

"தங்கச்சி" என்றேன். "தங்கச்சி, இஞ்ச பார்..." அவள் வைத்துவிட்டாள்.

"என்னவாம்?" என்றார் மனுசன்.

"கேட்டிட்டுது" என்றேன்.

கூர் மேடையில் ரயில் நின்றபோது அவள் எங்களுக்கு முன்னால் நின்றாள். முதியோர் இல்லத்து வெள்ளைச் சட்டை, அதற்கு மேல் ஜக்கெட், காலில் வேலைச் சப்பாத்து. ஓடி வந்திருக்கிறாள், மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் இறங்கியவரைப் பார்த்தாள்.

"அத்தானும் வந்திட்டார்" என்றாள்.

நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். கையை நீட்டி என்னை நிற்பாட்டினாள்.

"அக்கா, வாயைத் திறக்காதை. வீட்டை போவம். சாப்பிட்டாப் பிறகு சொல்லு. அதுவரைக்கும் அவர் இருக்கட்டும்."

பஸ்ஸில் எங்கள் இரண்டு பேருக்கும் அவளே டிக்கெட் எடுத்தாள். தன் இல்லத்தில் ஒரு கிழவி பல்செட்டைத் தேநீர்க் கோப்பைக்குள் போட்டுவிட்டு ஊரெல்லாம் தேடிய கதையைச் சொன்னாள். மனுசன் சிரித்தார். சிரித்துக்கொண்டே மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்.

வீட்டுக்குள் போனதும் ஜக்கெட்டைக் கழற்றிவிட்டு நேரே குசினிக்குப் போனாள். அரிசி கழுவினாள். பிறகு குளிர்பெட்டியைத் திறந்து மீனை எடுத்தாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. பிறகும் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரைக்கும் மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் கிடையாது. அது அவளுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். வன்னியில் எத்தனை செத்த வீடு கண்டவள். தெரிந்துதான் மீனை எடுத்தாள்.

"நான் செய்யிறன், நீ இரு" என்றேன்.

"நீ இரு. என்ர வீடு."

மீனுக்கு மிளகாய்த்தூளும் மஞ்சளும் பூசினாள். எண்ணெய் காயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு துண்டும் கருகவிடாமல் பிரட்டிப் பிரட்டிப் பொரித்தாள். வீடெல்லாம் மணம். மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பை வைத்துச் சோறு போட்டாள், பருப்பு விட்டாள், மீனை எங்கள் கோப்பையில் வைத்தாள். மனுசன் கையைக் கழுவிவிட்டு வந்து, சோற்றில் கை வைக்காமல் என்னைப் பார்த்தார். தின்றால் பாவமா, தின்னாவிட்டால் பாவமா? நான் மீனைப் பிய்த்து வாயில் வைத்தேன். வைத்த பிறகு அவரும் சாப்பிட்டார். என் வாழ்நாளில் அப்படி ஒரு சாப்பாடு சாப்பிட்டதில்லை, இனி எந்தப் பகையாளிக்கும் வரவேண்டாம்.

"உப்புக் காணுமோ?" என்று கேட்டாள்.

"காணும்" என்றேன்.

அவளும் சாப்பிட்டாள். கோப்பையில் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை. இத்தனை நாளும் பட்டினி கிடந்தவள், முள்ளை எடுத்து எடுத்து நிதானமாகச் சாப்பிட்டாள். பிறகு எழும்பிக் கோப்பைகளைக் கழுவி, அடுப்பைத் துடைத்து, ஜன்னலைத் திறந்து மணம் போக விட்டாள். குளியலறைக்குள் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நெற்றியில் குங்குமம் புதிதாக வைத்திருந்தாள். எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்தாள். மீன் பொரித்த கை, கழுவியும் மணத்தது.

"இனிச் சொல்லு, அக்கா."

சொன்னேன். ரயிலில் தேடிய சொல் ஒன்றும் வரவில்லை. மட்டக்களப்புக்காரர் சொன்னதை அப்படியே சொன்னேன். மொட்டைமாடி, உடுப்பு, துண்டு. அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஷெல்லுக்குள் வாழ்ந்த சனத்துக்குத்தான் அப்படிக் கேட்கத் தெரியும்.

"முகம் கிடக்கோ?"

"கிடக்காம். முகத்தில ஒரு கீறலும் இல்லையாம். அவர் கண்ணால பாத்தவர்."

"அப்ப பாக்கலாம், என்ன?" என்றாள். "முகம் பாக்கலாம்."

"ஓமடி. பாக்கலாம்."

தலையாட்டினாள். சரி, சரி என்கிற மாதிரி மெல்லமாகத் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு, "என்ர ராசா" என்று அவள் போட்ட சத்தத்தில் மனுசன் எழும்பி ஓடிவந்தார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவளைப் பிடித்தோம்.